தாதி சொன்ன "நீ"

பதிப்பகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். மொழிபெயர்ப்பவள் என்பதாலா, வாய்த்துடுக்காலா என்று யாரும் கேட்டதில்லை. முதலாளி அவளுடைய அக்கா புருஷன்.

அன்று அவர் திருத்திய பக்கத்தை அவள் இரண்டு முறை படித்தாள். மாயாஜால நாவல் அது. கதை முழுக்க ராணியிடம் பணிவாகப் பேசும் தாதி, கடைசியில் விஷக் கிண்ணத்தை நீட்டும்போது மட்டும், ஆங்கிலத்தில் வழக்கொழிந்துபோன "thou" என்ற ஒருமைக்கு இறங்குகிறாள். அத்தனை வருட வன்மமும் அந்த ஒரு சொல்லில்தான் வெளியே வருகிறது. அகராதி அதை "நீ குடி" என்று எழுதியிருந்தாள். மாமா அதைத் "தாங்கள் அருந்துங்கள்" ஆக்கியிருந்தார்.

செத்த எலியைத் தூக்குவதுபோல் தாளை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனாள்.

"ஏன் மாமா இப்படிப் பாழாக்குனீங்க?"

"வேலைக்காரி ராணிய நீன்னு சொல்லலாமா? மரியாதைன்னு ஒன்னு இருக்கில்ல?"

"கொல்லப் போறவளுக்கு என்ன மாமா மரியாதை?"

"உனக்கு என்ன தெரியும்? சொன்னதைச் செய்."

அக்கா கல்யாணத்திலிருந்து அவரிடம் "நீங்க" தவிர வேறு பேசியறியாதவள், மேஜையிலிருந்த கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"டீ ஆறுது. நீ குடி."

அவர் கை கோப்பையருகே போய் அப்படியே நின்றுவிட்டது.