உயிரோடு பானை உடைக்கப்பட்ட தலைவி

ஆதியம்மாள் உயிரோடு இருக்கும்போதே அவளுக்கு ஊர் பானை உடைத்தது.

கடப்பாக்கத்தை அடுத்த மீனவக் குப்பம் அது. தொண்ணூற்றாறில் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், மீன்கூடைக்காரியான அவளை நிறுத்தி ஜெயிக்கவைத்தது ஊர் ஆண்கள்தான். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்தார்கள். அவளோ, வந்த ஒரே குடிநீர்க் குழாயை இருளர் தெருவில் போடுவேன் என்றாள். அங்கே பெண்கள் மணலைத் தோண்டி உப்பு ஊற்றுநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ப்பெரியவர் பூவராகவனுக்குக் குழாய் கோயில் வாசலில் வேண்டும். பானை உடைந்தது. இனி அவள் செத்தவள். அவளோடு பேசுகிறவன் வலை கடலில் இறங்காது.

மறுநாள் காலை அவள் தெருவில் நடக்க நடக்க, முன்னால் கேட்ட சிரிப்பெல்லாம் அணைந்தது.

"இன்னாடி சங்கவி, அப்பன் கரைக்கு வந்துட்டாரா?"

அக்காள் மகளின் கண்கள் அவளை ஊடுருவிப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தன. மீன் ஏலத்தில் அவள் விலை சொன்னாள். அவளைவிடக் குறைத்துக் கேட்டவளுக்குக் கூடை போனது. வீட்டில் புருஷன் செல்வராஜ் அவள் போட்ட சோற்றைத் தின்றான், தலை நிமிரவில்லை. கண்ணாடியில் முகம் தெரிகிறதா என்று பார்த்தாள். பேயை உண்டாக்கச் சுடுகாடு எதற்கு? ஊர் கூடினால் போதும்.

ஊராட்சிக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வரவில்லை. தீர்மானம் நிறைவேறாவிட்டால் குழாய் வேறு ஊருக்குப் போய்விடும்.

"வுடுக்கா. ஊத்துத் தண்ணி எங்களுக்குப் பழகிப்போச்சி" என்றாள் இருளர் தெருவின் உறுப்பினர் காசியம்மாள். கடலில் இறக்க வலையில்லாத தெருக்காரி; ஆதியம்மாளோடு பேசுவது இவள் ஒருத்திதான்.

"செத்தவளுக்கு இன்னாடி பயம்? கூட வா."

ஞாயிறு மாலை, பூவரச மரத்தடியில் ஊர்க்கூட்டம். பெண் கால் படாத மணல். உறுப்பினர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஊராட்சிக் கூட்டமும் அங்கேயே என்று அவள் முறைப்படி அனுப்பிய நோட்டீஸை ஒருவரும் தொடவில்லை. ஊராட்சி எழுத்தர் மோசஸ் வெளியூர்க்காரர். அவரும் காசியம்மாளும் பின்தொடர, ஆதியம்மாள் நடுவில் போய் நின்றாள். 'வெளியே போ' என்று சொல்ல ஆள் இல்லை. சொன்னால் சொன்னவன் வலை கரையில் காயும்.

தீர்மானத்தைப் படித்தாள். "ஆட்சேபணை கீறவங்க சொல்லுங்க."

அலை இரைந்தது. யாரோ இருமலை விழுங்கினார்கள். பூவராகவனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"இன்னா மாமா, வாயத் தொறக்க மாட்டியா?"

அவர் கடலைப் பார்த்தார்.

"எனக்குச் சம்மதம்" என்றாள் காசியம்மாள்.

"எதிர்க்க ஒருத்தருமில்ல. எழுதிக்கோ மோசஸ்."

மழைக்கு முன்பே இருளர் தெருவில் நல்ல தண்ணீர் கொட்டியது. ஊர்விலக்கை எடுக்க வேண்டுமென்றால் யாராவது அவளிடம் முதலில் பேசியாக வேண்டும். அது யார் என்று ஊர் வருடக்கணக்கில் முடிவு செய்யவில்லை. அதுவரை ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். பதவி முடிந்த பிறகும் வந்தாள். ஒருநாள் சங்கவி வந்து, ஒன்றும் பேசாமல், அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.