மூன்று நாள் முந்திய காலண்டர்

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு புதன்கிழமை காலை, மயிலாப்பூரில் ஒரு வீட்டை விட்டு மந்தைவெளிப் பக்கம் துணிப்பையோடு நடந்துகொண்டிருந்தேன். அன்று புதன் என்பதே எனக்குத் தெரியாது. திருடன் என்று துரத்தியிருந்தார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. ஆனால் இந்த முறை நான் எதையும் எடுக்கவில்லை.

அந்த வீட்டில் இதயம் பலவீனமான பெரியவர் ஒருவருக்குத் துணையாக இருந்தேன். குளிப்பாட்டுவது, நடக்கவைப்பது என் வேலை. மாத்திரை அவர் பொறுப்பு. காலையில் தினசரி காலண்டரில் தாளைக் கிழித்ததும், உடம்பில் நீர் கோர்க்காமலிருக்க ஒரு மாத்திரை போடுவார். அன்று அசோக் நகரிலிருந்து வந்த மகள் மாத்திரை அட்டையை எண்ணினார். ஞாயிற்றுக்கிழமை பிரித்தது. நான்கு குறையவேண்டிய இடத்தில் ஏழு குறைந்திருந்தது.

"ஆத்துல வேற யார் இருக்கா? நீதான்!"

"ஒரு தாள், ஒரு மாத்திரை. இத்தனை வருஷத்துல தப்பினதில்லை" என்று பெரியவரும் கட்டிலில் இருந்தபடி சாதித்தார்.

பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். எங்கோ தொலைத்துவிட்டு என் தலையில் கட்டுகிறார். மகள்மேலும் சந்தேகம்தான். என்னை அனுப்பச் சாக்குத் தேடி வந்தவர் மாதிரி இருந்தது.

வழியில் டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா, பையோட எங்க போய்க்கினு கீற?"

"சனிக்கிழமையும் அதுவுமா துரத்திட்டாங்கண்ணா."

"சனிக்கிழமையா? காலையிலயே ஊத்திக்கினியா? இன்னிக்கு புதன்பா!"

பை எடுக்கும்போது, கட்டிலுக்கு மேலிருந்த காலண்டரில் சனி என்று பார்த்திருந்தேன். மூன்று தாள் அதிகம். மூன்று மாத்திரையும் அதிகம். கிழித்ததை மறந்து மறுபடி கிழித்திருக்கிறார்.

டீயை வைத்துவிட்டு ஓடினேன். மகள் கம்பிக்கதவைத் திறக்கவில்லை.

"இன்னும் என்ன எடுக்கணும்?"

"காலண்டரைப் பாருங்கம்மா. மூணு மாத்திரை கூடப் போட்டிருக்கார், உடனே அவரைப் போய்ப் பாருங்க."

முறைத்துக்கொண்டே உள்ளே போனவர் அலறினார். பெரியவர் எழ முயன்று விழுந்துகிடந்தார். உடம்பில் நீர் வற்றி, நாக்கு வறண்டு, பேச்சு குழறியது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம், பிழைத்தார். இதயம் சரியாக இறைக்காவிட்டால் மூளைக்கும் ரத்தம் குறையலாம், மறதி வரலாம், இனி மாத்திரையை வேறொருவர்தான் கையில் கொடுக்கவேண்டும் என்றார் மருத்துவர்.

மகள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் காலண்டரை என் கையில் கொடுத்தார். "அப்பா ஆத்துக்கு வந்தப்புறம் தாள் கிழிக்கறது, மாத்திரை குடுக்கறது ரெண்டும் உன் வேலை. ஆனா நான் எண்ணுவேன்."

எண்ணட்டும் என்று ஒப்புக்கொண்டேன். மறந்துபோன மனிதரைப் பொய்யர் என்று திட்டிக்கொண்டே நடந்தவன் நான். என்னையும் ஒருவர் எண்ணிப் பார்ப்பது நல்லதுதான் என்று இன்றும் தோன்றுகிறது.