மேனேஜர் வேணாம்

எங்கள் ஊர் கால்பந்து டீமுக்கு மேனேஜர் என்று ஒருவர் தேவை என்பதே கேபிள் டிவி வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அதற்கு முன்பும் ஒருவர் இருந்தார். இடைவேளையில் எலுமிச்சம்பழம் நறுக்கித் தருவார், கழற்றிப் போட்ட சட்டைகளுக்குக் காவல் இருப்பார், தோற்றால் ரெஃப்ரியைத் திட்டுவார். அவரை யாரும் மேனேஜர் என்று சொன்னதில்லை, பெருசு என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் செங்கல்பட்டுக்கு மகள் வீட்டோடு போய்விட்டபோது ஒரு பதவி காலியானதாக ஒருவரும் நினைக்கவில்லை. பிறகு டிவியில் வெளிநாட்டு ஆட்டங்கள் வந்தன. மைதானத்தின் ஓரத்தில் கோட்டு போட்ட ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதையும், அவர் விரலை ஆட்டினால் மொத்த டீமும் இடம் மாறுவதையும் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பார்த்துவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டியிருந்தது. யார் என்பதில்தான் சண்டை.

டீக்கடைக்குப் பக்கத்துக் கடை எங்களுடையது. சங்கு, சோழி மாலை, சிப்பி ஒட்டிய கண்ணாடி என்று டூரிஸ்டுகளுக்கு விற்கும் சின்னக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன் என்பது ஏற்பாடு. உண்மையில் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சண்டை போட்டவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் பந்தை உதைத்ததில்லை. அதனாலோ என்னவோ அவர்களுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

ஒரு கட்சிக்குக் கடற்கரை ஹோட்டல் மேனேஜர்தான் சரியான ஆள்.

"அவரு ஏற்கெனவே மேனேஜருப்பா. நாம புதுசா இன்னாத்த சொல்லித் தரணும்?" என்றார்கள்.

ஹோட்டலுக்கு ஒரு வேனும் இருந்தது, அது இன்னும் பெரிய வாதம். ரிட்டயரான பி.டி. வாத்தியாரை ஒருவர் முன்மொழிந்தார். தண்ணீர் குடிக்கக்கூட விசில் அடிப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் என் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தாம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு ஆடுவார். ஆட்டோவை எங்கே நிறுத்தினோம் என்பதைக்கூட மறப்பார், அந்தச் சட்டை எந்தக் கொடியில் காய்கிறது என்பதை மறக்க மாட்டார். ஒருமுறை திருக்கழுக்குன்றத்தில் நடந்த ஆட்டத்தில் அவர் உதைத்த பந்து கோலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, கோயில் குளத்தில் போய் விழுந்தது. டீமிடம் இருந்தது ஒரே பந்து. மற்றவர்கள் கழி தேடிக்கொண்டிருந்தபோது இவர் பூட்சோடு குளத்தில் குதித்துவிட்டார். பாசி ஒட்டிய தலையோடு வீட்டுக்கு வந்தவரை அப்பா, முப்பதை நெருங்குகிற ஆள் செய்கிற காரியமா இது என்று வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டினார். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் சித்தப்பாவின் முழங்கால் பிசகியது. அதன் பிறகு பந்துக்கு முன்னால் ஓடியவர் பந்துக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தார்.

"அவன் காலு போயிடுச்சிப்பா. ஆனா மூள கீது. மேனேஜருக்கு மூளதான வோணும்?" என்றார் டீக்கடைக்காரர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். மேனேஜர் ஆட்டத்தில் இறங்கக் கூடாது என்பதையும் டிவி பார்த்து அவர்தான் சட்டமாக்கினார். சித்தப்பா அப்போது ஆட்டோவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் புகழ்ந்தால் மனிதன் சந்தோஷப்பட வேண்டுமில்லையா? அவர் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது ஏன் என்று எனக்கு ஒரே யோசனை.

மேனேஜர் என்றால் என்ன வேலை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஜெயித்தால் மாலை போட்டுக்கொள்கிறவர் என்றார் ஒருவர். தோற்றால் அடி வாங்குகிறவர் என்றார் இன்னொருவர். அப்பாவிடம் கேட்டபோது, "போய் வாய்ப்பாட்ட படி" என்றார். கால்பந்து என்றாலே அவருக்கு ஆகாது.

அந்த அப்பா திடீரென்று ஒருநாள் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, தன் தம்பியை விட்டால் இந்தக் கடற்கரையில் மேனேஜர் ஆகத் தகுதியான ஆள் கிடையாது என்று பேசினார். கடையில் இருந்தவர்கள் அசந்துபோனார்கள். நானும்தான். காரணம் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. திருக்கழுக்குன்றத்தில் அத்தை சித்தப்பாவுக்கு ஒரு பெண் பார்த்திருந்தாள். பெண்ணின் அப்பா கண்டிப்பானவர், மாப்பிள்ளைக்கு நிலையான உத்தியோகம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அத்தை கொஞ்சமும் யோசிக்காமல், "பையன் மேனேஜரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எதற்கு மேனேஜர் என்று அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை டீம் கூட்டம். சொன்னதை உண்மையாக்க அப்பாவுக்கு இருந்தது அவ்வளவு நேரம்தான்.

"நான் இன்னும் ரெண்டு வருசம் ஆடலாம்னு கீறேன்ணா" என்று சித்தப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஆடி இன்னாத்த கிழிச்ச? கல்யாணம் வேணுமா, பந்து வேணுமா?"

அன்று ராத்திரி சித்தப்பா பூட்சுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றிப் பரண் மேல் வைத்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். பதவி உயர்வு வருகிற ஆளின் முகம் போலவே இல்லை.

வெள்ளிக்கிழமை சித்தப்பாவின் ஆட்டோவிலேயே கிளம்பினோம். மாப்பிள்ளையே வண்டி ஓட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போவது எப்படி இருக்கும் என்று யோசித்த அப்பா, ஒரு தெரு முன்னாலேயே ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். பட்டுப் புடவையும் பூத்தட்டுமாக எல்லோரும் வெயிலில் நடந்தோம். ஆட்டோ என்ற வார்த்தையை எடுத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அத்தை என் காதில் சொன்னாள். கால்பந்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவர்கள் கூடத்தில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கேசரி வாங்கிக்கொள்ள என்னை அடுப்படிக்கு அனுப்பினார்கள். பெண் அங்கேதான் நின்றிருந்தாள். டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "உங்க சித்தப்பா எதுக்குப் பாப்பா மேனேஜரு?" என்று கேட்டாள்.

"ஃபுட்பால் டீமுக்கு. இன்னும் ஆவல. ஞாயித்துக்கெழம ஆயிடுவாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆட்டோவ எங்க நிறுத்துனீங்க?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தையை நான் எடுக்கவில்லை, அவளேதான் எடுத்தாள். ஆகவே, "அடுத்த தெருவுல" என்றேன்.

"எங்க ஊரு கொளத்துல பூட்ஸோட குதிச்சாரே, அவருதான?"

"ஆமா. அதுக்கு அப்பா நல்லா டோஸ் வுட்டாரு."

"நான் பாத்தேன். எங்கண்ணன்கூடப் போயிருந்தேன்" என்றாள். "மேனேஜர் ஆயிட்டா ஆட மாட்டாரா?" என்று கேட்டாள்.

"ஆடக் கூடாதாம். பூட்ஸக்கூடப் பரண் மேல வெச்சிட்டாரு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள். முந்திரியாகப் பார்த்துத்தான் வைத்தாள். "உங்க சித்தப்பாகிட்ட மட்டும் சொல்லு. மேனேஜர் எனக்கு வேணாம்னு சொன்னேன்னு சொல்லு" என்றாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எல்லோரும் ஏக சந்தோஷத்தில் இருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது, அடுத்த மாதமே நிச்சயம் என்று அத்தை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோ ஓடும் சத்தத்தில் ரகசியம் சொல்வது எப்படி? முன் சீட்டைப் பிடித்து எம்பி, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

"சித்தப்பா, அந்த அக்கா மேனேஜர் வேணாம்னு சொல்லிச்சு!"

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. பெண்ணுக்கு எவ்வளவு திமிர் என்று அத்தை ஆரம்பித்தாள். சித்தப்பா மட்டும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சரியா சொல்லு. இன்னா சொல்லிச்சு?"

"மேனேஜர் எனக்கு வேணாம். கொளத்துல குதிச்சவருதானன்னும் கேட்டுது."

சித்தப்பா வண்டியை மறுபடி கிளப்பினார். கண்ணாடியில் அவர் பல் தெரிந்தது. ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள், இந்த மனிதர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போகிறார். சித்தப்பாவுக்கு மூளை இருக்கிறது என்று டீக்கடைக்காரர் சொன்னதில் எனக்கு அன்று சந்தேகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அப்பா வரவில்லை. சவுக்குத் தோப்பு ஓரத்து மைதானத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சித்தப்பாவின் செருப்புகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பாவின் பெயரைச் சொன்னதும் ஹோட்டல் கட்சிக்காரர்கள்கூடக் கை தூக்கிவிட்டார்கள். அவர் எழுந்து நின்றார். காலில் பூட்ஸ் இருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"எனக்கு வேணாம் அண்ணாத்த. நான் ஆடறேன்."

"அந்தக் கால வெச்சிகினு எத்தினி நாளு ஆடுவ?" என்றார் டீக்கடைக்காரர். கோபமாக இல்லை, பாவமாகத்தான் கேட்டார்.

"அது நிக்கிற வரைக்கும்."

அப்புறம் யாரும் வற்புறுத்தவில்லை. ஹோட்டல் மேனேஜரே மேனேஜர் ஆனார். முதல் ஆட்டத்துக்குச் சித்திரை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, இடைவேளைக்குள் அதைக் கழற்றித் தலைமேல் பிடித்துக்கொண்டார்.

இனி அந்தப் பெண்ணைப் பார்க்கவே போவதில்லை என்று நான் நினைத்திருந்தேன். கேசரியை நினைத்து வருத்தமாகக்கூட இருந்தது. ஆனால் அவளுடைய அப்பா எங்கள் கடைக்கே வந்துவிட்டார். மேனேஜர் விஷயம் அவருக்குத் தெரிந்து, கத்தித் தீர்த்து, ஓய்ந்துபோய் வந்திருந்தார். "பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிது. நான் இன்னா பண்றது?" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா அவருக்கு டீ வாங்கித் தந்தார். வேண்டாம் என்று சொன்னவள் எப்படிக் கல்யாணம் செய்துகொள்ள வந்தாள் என்று நான் கேட்காத ஆள் இல்லை. கல்யாணப் பந்தலில் அவளிடமே கேட்டேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "சித்தின்னு கூப்புடு" என்றாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தியும் நானும் சவுக்குத் தோப்பு நிழலில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்போம். சித்தப்பா நொண்டிக்கொண்டே ஓடுவார். பந்து அவருக்கு முன்னால் வரும், அவர் காலை வீசுவார், பந்து கோலுக்கு வெளியே எங்கோ போகும். டீக்கடைக் கூட்டம் மொத்தமும் தலையில் அடித்துக்கொள்ளும். சித்தி மட்டும் கைதட்டுவாள். கண்ணில் தண்ணீர் தளும்பத் தளும்பத் தட்டுவாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விடும். கோல் விழாத பந்துக்கெல்லாம் கைதட்டுகிறாளே, பாவம், சித்திக்கு ஆட்டமே தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.