முதல் ஆட்டின் இதயம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. காலையில் காக்ஸ் டவுனிலிருந்து கிளம்பி, மர்பி டவுன் கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்று வாங்கி, வாயகன்ற ஃபிளாஸ்க்கில் ஐஸுக்குள் புதைத்து, வண்டியில் ஆய்வகத்துக்குப் பறப்பேன். இதயத்தின் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். உணவிலிருந்து வந்ததை ஆக்ஸிஜனோடு எரித்து, செல்லுக்கு வேண்டிய சக்தியைச் செய்பவை அவைதான். அவற்றைத் தனியே பிரித்து, வேலை வாங்கிக் காட்ட வேண்டும்.

சோதனை என்னவோ எளிது. ஏடிபி (ADP) என்றொரு பொருள், காலி சிலிண்டர் மாதிரி. அதை ஒரு துளி விட்டால் போதும், மைட்டோகாண்ட்ரியா சக்தியை நிரப்பத் தொடங்கும், ஆக்ஸிஜனை மளமளவென்று குடிக்கும், ஆக்ஸிஜன் அளவைக் கோடாக வரையும் கருவியின் பேனா, வரைபடத் தாளில் சரேலென்று கீழிறங்கும். என் மைட்டோகாண்ட்ரியா மூன்று முறையும் ஏடிபியைச் சட்டையே செய்யவில்லை. சிரித்தே பார்த்திராத என் வழிகாட்டி, "இன்னும் ஒரு தடவை. அப்புறம் வேறு தலைப்பு" என்று சொல்லிவிட்டார். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

நான்காம் முறை போனபோது, கடைக்காரர் வழக்கம்போல் துணியில் சுற்றிய இதயத்தை எடுத்து நீட்டினார். ஏனோ அன்றுதான் கேட்கத் தோன்றியது.

"இது எப்ப வெட்டினது பாய்?"

"நாலரைக்கு. முதல் ஆடும்மா! நல்லதாப் பாத்து எப்பவும் உனக்குன்னே எடுத்து வெச்சிடுவேன்."

மணி ஏழு. இரண்டரை மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது எதற்கு ஆகும்? பாசத்தாலேயே என் ஆராய்ச்சிக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார் மனுஷர்.

"இது வேணாம் பாய். இப்ப வெட்டுறதுல குடுங்க, நேரா ஐஸ்ல போடணும். உள்ள இருக்கிறது இன்னும் மூச்சு விடணும்."

"அறுத்த ஆட்டுல மூச்சா? நல்லாப் படிச்சே போ!"

சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டின் இதயத்தை என் ஃபிளாஸ்க்கில் போட்டார்.

அன்று மதியம் ஒரு துளி ஏடிபி விட்டேன். பேனா சரிந்தது! ஏடிபி தீர்ந்ததும் நிதானித்தது. இன்னொரு துளி, மறுபடி சரிவு. சந்தோஷத்தில் நான் போட்ட கூச்சலுக்கு வழிகாட்டி ஓடி வந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலைப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கையை நீட்டி, தயங்கித் தயங்கிக் கன்னடத்தில், "ஒந்து சல நானு ஹாக்லா?" என்றார்.

ஒரு தடவை நான் போடட்டுமா என்று என்னிடம் கேட்கிறார்!