சும்மா பார்க்க வந்தவர்

கையுறைத் தொழிற்சாலைக்கு இருபத்திரண்டு வருடங்களாக ஒரே சின்னக் கப்சாய் மோட்டார் சைக்கிளில்தான் புவனேசன் போய்வந்தார். காலையில் அது இருமும், அவரும் இருமுவார். சுங்கை லாலாங்கில் பழைய பெரிய குரூசர் மோட்டார் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டார்.

"சும்மா பாத்துட்டு வரேன் லா," என்று மனைவி யோகேஸ்வரியிடம் சொல்லியிருந்தார்.

வண்டியை விற்கும் தவசீலன் சாவியைத் திருகினான். "ஏறி உக்காந்து பாருங்கண்ணே."

உட்கார்ந்தார். அடியில் இடி மெல்ல உருண்டது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, அவர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். செம்பனை மரங்கள் விலகி வழிவிட்டன. யான் ஊர் நெல்வயல்கள் பச்சையாய் விரிந்தன. ஜெராய் மலை மேகம் இறங்கிவந்து நெற்றியைத் தடவியது. எந்த ஷிப்டுக்கும் மணி அடிக்கவில்லை.

தவசீலன் எஞ்சினை நிறுத்தினான். "எடுத்துக்கிறீங்களாண்ணே?"

"பழைய வண்டி தம்பி. இந்த வயசுல தேவையான்னு யோசிக்கணும். வீட்டுலயும் ஒரு வார்த்தை கேக்கணும்," என்று முகத்தை இறுக்கிக்கொண்டு இறங்கினார் புவனேசன்.

இறங்கும்போது அவருடைய கால்சட்டைப் பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்கள் விழுந்தன. ஒன்று உருண்டுபோய் முன்சக்கரத்தடியில் தானாகவே நின்றது. மற்றதைத் தவசீலன் குனிந்து எடுத்து, பின்சக்கரத்தடியில் வைத்தான்.