மஞ்சள் தெரியும் யன்னல்

"எழும்புங்க மகன், அது என்ட யன்னல்!"

பல்லேபொலையிலிருந்து மாத்தளைக்கு வரும் காலை பஸ்ஸில் நஸ்மியா ராத்தா என்னை எழுப்பாத நாளில்லை. நான் வேண்டுமென்றேதான் அங்கே உட்காருகிறேன் என்பது அவருக்கும் தெரியும்.

மடியில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டலப்பச் சட்டி. டவுன் கடைகளுக்குக் கொடுக்கிறார். ஏலக்காயில் கஞ்சத்தனம் கிடையாது; அவர் ஏறினால் பஸ்ஸே மணக்கும். தலைக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெய். "அறுபதாகப் போகுது, ஒரு நரை காட்டுங்க பாப்போம்!" என்பார். முக்காட்டுக்குள் இருப்பதை நான் எங்கே பார்ப்பது?

இறந்தவர்களை அடக்கும் மையவாடியின் சுவர் நெருங்கினால் பேச்சு நின்றுவிடும். அந்த இடத்தில் மட்டும் பனி கலைந்தும் கலையாமலும் இருக்கும். தென்னைகள் மிதப்பதுபோலத் தோன்றும். "ஹெமின், மல்லி!" என்று டிரைவரை மெதுவாகப் போகச் சொல்வார்.

அவர்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. கபுறுகளுக்குப் பெயர்க்கல்லும் வைப்பதில்லை. கணவர் ஹுசைன் மௌத்தாகி, நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்து, முதன்முதலாகப் பஸ் ஏறியவர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எல்லா மேடும் ஒன்றுபோலப் புல். அழுதுகொண்டே வீடு திரும்பி, குசினிக்குப் பின்னாலிருந்த கரிசலாங்கண்ணியில் நாலு தண்டு ஒடித்து, தம்பி றம்ஸியிடம் கொடுத்து கபுறில் நடச் சொன்னார். அது பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த மஞ்சள் திட்டு தெரிந்ததும் கண்ணாடியில் ஒற்றை விரலை வைப்பார். "அந்தா ஈக்கிறாரு." பிறகு மெல்ல ஒரு ஸலாம்.

கரிசலாங்கண்ணி நிமிர்ந்து வளரும் செடியல்ல. தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும். இந்த வருடம் நல்ல மழை. நோன்புக்கு முன் மையவாடியைத் துப்புரவாக்க வந்தவர்கள் புல்லை மட்டும் வெட்டினார்கள். பூத்து நிற்கும் பச்சைக்கொடி கபுறாளிகளுக்காக இறைவனைத் துதித்துத் தஸ்பீஹ் செய்யும் என்று, மஞ்சளை ஆசையோடு விட்டுவைத்தார்கள்.

நேற்று சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க மஞ்சள். ராத்தாவின் விரல் கண்ணாடியில் இங்கும் அங்கும் அலைந்தது.

"எங்க மகன் அவரு?"

நானும் எட்டிப் பார்த்தேன். அவர் கேட்காமலே டிரைவர் பஸ்ஸை இன்னும் மெதுவாக்கினார்.

ராத்தா விரலை எடுத்தார். வட்டலப்பச் சட்டியை என் மடியில் வைத்தார். இரண்டு கைகளையும் ஏந்தியவர், சுவர் முடியும்வரை இறக்கவில்லை.