தகரப் பெட்டியும் ரப்பர் செருப்பும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டிவியோடு இணைக்கும் பிரபல வெளிநாட்டுக் கம்ப்யூட்டரின் உள்ளூர் நகலை எங்கள் ஆடுகோடிப் பகுதியில் ஒரு கடையில் மகளுக்காக வாங்கினேன். அசலுக்குப் பிளாஸ்டிக் உடல். நகலுக்குத் தகரப் பெட்டி.

ஒரு மாலை, வெளியே போய்வந்த மகள் ரப்பர் செருப்போடு அதன்முன் அமர்ந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குள்ள செருப்பா? கழட்டுடி!"

"இருப்பா, கேசட்லேருந்து கேம் லோடு ஆகுது."

எரிச்சலில் அணைக்கப் போய்ப் பெட்டியில் கைவைத்தேன். மின்சாரம் என்னைத் தூக்கிப் போட்டது. நான் வெறுங்காலில் நின்றிருந்தேன். என் பேச்சைக் கேட்டு அவள் செருப்பைக் கழற்றியிருந்தால் அந்த அடி அவளுக்கு விழுந்திருக்கும்.

பிளக்கைத் திறந்து பார்த்தேன். பெட்டியில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்த வேண்டிய எர்த் வயர் வெட்டப்பட்டிருந்தது. கடைக்காரரிடம் பெட்டியோடு போனேன்.

"எல்லார் வீட்லயும் ரெண்டு பின் பாயின்ட்தான் சார். அதான் எர்த்தைக் கட் பண்ணிக் குடுக்கறோம்."

"ஃபாரின்லயும் இப்படித்தான் வெட்டறாங்களா?"

"ஃபாரின்ல வெறுங்கால்ல நிக்கறாங்களா சார்?" என்று சிரித்தார்.

பெட்டியை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். இப்போது எதை வாங்கினாலும் கடையிலேயே பிளக்கைத் திறந்து காட்டச் சொல்கிறேன். கடைக்காரர்கள் முறைக்கிறார்கள். வீட்டுக்குள் மகள் செருப்போடு நடந்தால் நான் முறைப்பதில்லை.